டிவவர் என்றொரு வினைச்சொல்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியர் ஒருவர் இலக்கியத் தொடரிலே வந்து ஆங்கில வினைச்சொல் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறார் என்றால், உங்களிற் சிலர் வானொலிப் பெட்டியின் குமிழை மறுபக்கம் திருப்பிவிடவும் கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஆங்கிலம் படிப்பிக்க வரவில்லை. அதற்குரிய தகைமையும் எனக்கில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தமிழையே கற்பித்து வருகின்றவன். ஆயினும் ஒரு சொல் எந்த மொழிக்குரியதாயினும், அதை எவரிடம் சொல்லலாம், எவரிடம் சொல்லலாகாது, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பது தமிழாசிரியனுக்கும் உரிய வேலைதான் என்பது என் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஆங்கில ஆசிரியை ஒருநாள் விடுமுறையில் நின்றார். உப அதிபர் என்னைத் தரம் பத்துக்குப் பதிலாசிரியராக அனுப்பினார். பதிற் பாடவேளை என்றால் என்ன நடக்கும் என்பதை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. “சத்தம் போடாமல் இருங்கோ” என்று சொல்லிவிட்டு ஆசிரியர் விடைத்தாள் திருத்துவார். பிள்ளைகள் சத்தம் போடாமல் குழப்படி செய்வார்கள். ஆனால் எங்கள் ஆங்கில ஆசிரியை பொறுப்பானவர். முதல் நாளே வேலை கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். கரும்பலகையில் ஒரேயொரு சொல் எழுதப்பட்டிருந்தது. டிவவர் என்பது அந்தச் சொல். அன்றாட வாழ்க்கையில் வழங்கத்தக்க ஐந்து வாக்கியங்களில் இந்த வினைச்சொல்லைச் சரியாகப் பயன்படுத்துக என்பது கட்டளை.

ஒருவன் அதை ‘டெவோர்’ என்று வாசித்தான். இன்னொருவன் அதைத் திருத்துவதாக நினைத்து ‘டிவோர்ஸ்’ என்றான். வகுப்பே சிரித்தது. விவாகரத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை என்றும், பவர், டவர் என்று நாம் சொல்கிறோமே, அந்த ஓசையிலேயே இது முடிகிறது என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு முன் வாங்கிலில் இருந்த ஒருவன் எழும்பிக் கேட்டான்: “சேர், இதுக்குத் தமிழ் என்ன?”

தமிழாசிரியன் தப்பி ஓட முடியாத கேள்வி இது. விடுமுறையில் நின்றது ஆங்கிலம், அகப்பட்டது தமிழ்.

இந்தச் சொல்லை எனக்கு முன்னரே தெரியும். தெரியும் என்பதை விட, இந்தச் சொல்லிடம் நான் ஒருமுறை அடிபட்டிருக்கிறேன் என்பதே பொருத்தம். நியமனம் பெற்ற புதிதில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வளவாளர் ஒருவர் வந்திருந்தார். வயதானவர், மிகுந்த மரியாதைக்குரியவர், நல்ல ஆங்கிலம் பேசுபவர். மதிய உணவு முடிந்து கை கழுவிக்கொண்டு வந்தவரிடம், சாப்பாடு பிடித்திருந்ததா என்று ஆங்கிலத்தில் விசாரிக்க எனக்கு ஓர் ஆசை. சாதாரணமாகக் கேட்டிருந்தால் பிழையில்லை. ஆனால் முதல் நாள் இரவு சட்டைப்பை அகராதி ஒன்றிலே புதிதாய் ஒரு சொல் படித்திருந்தேன். ‘உண், புசி, விழுங்கு’ என்று அதற்குப் பொருள் தரப்பட்டிருந்தது. ஆகவே அவரைப் பார்த்து, “சேர், யூ ஹாவ் டிவவர்ட் யுவர் லஞ்ச்?” என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, “தம்பி, நான் அவ்வளவு அவதிப்பட்டா சாப்பிட்டனான்?” என்று தமிழிலே கேட்டார். பக்கத்தில் நின்ற ஆசிரியர்கள் அந்தப் பட்டறை முடியும் வரை என்னைக் காணும்போதெல்லாம் அந்தச் சொல்லையே சொன்னார்கள்.

அகராதி பொய் சொல்லவில்லை. டிவவர் என்றால் உண்பதுதான், விழுங்குவதுதான். ஆனால் உண், புசி, விழுங்கு என்று மூன்று சொற்களையும் அருகருகே வைத்து நடுவிலே ஒவ்வொரு காற்புள்ளியும் போட்டுவிட்டால் அவை மூன்றும் ஒன்றாகிவிடுமா? வீட்டுக்கு வந்த விருந்தினரிடம் “சாப்பிடுங்கோ” என்கிறோம். அதே விருந்தினரிடம் “விழுங்குங்கோ” என்று சொன்னால் அவர் மறுபடியும் எங்கள் படலையைத் திறப்பாரா?

ஆகவே அன்று பிள்ளைகளிடம் நான் முதலிற் சொன்னது இதுதான். உண்ணுகின்றவனின் நிலையையும் சேர்த்துச் சொல்லுகின்ற வினைச்சொல் இது. ஈட் என்ற சொல் உண்டதை மாத்திரம் சொல்லும். டிவவர் என்ற சொல், அவன் பசியோடு உண்டான், அவதியோடு உண்டான், மிச்சம் விடாமல் உண்டான் என்பவற்றையும் கூடவே சொல்லிவிடும். ஒரு விலங்கு இரையைத் தின்னும் காட்சி அதற்குள்ளே மறைந்திருக்கிறது. இலத்தீன் மொழியில் விழுங்குதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. விஞ்ஞான பாடத்தில் ஊனுண்ணி, தாவரவுண்ணி, அனைத்துமுண்ணி என்று படிக்கிறார்களே, அவற்றின் ஆங்கிலப் பெயர்களான கார்னிவோர், ஹெர்பிவோர், ஒம்னிவோர் என்பவற்றின் வாலிலே தொங்கிக்கொண்டிருப்பதும் அதே வேர்தான். இதைச் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. தெரியாத சொல்லுக்குள்ளே தெரிந்த ஒன்றைக் கண்டுபிடிக்கிற மகிழ்ச்சி அது.

இதுக்குத் தமிழ் என்ன என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நேயர்களே, உண்ணுதலுக்குத் தமிழில் உள்ள வினைகளை நீங்கள் ஒருமுறை எண்ணிப் பார்த்ததுண்டா? உண்ணல், தின்னல், பருகல், நக்கல் என்று உணவை நான்காக வகுத்தவர்கள் நாங்கள். அதற்கப்பால் அருந்துதல், அயிலுதல், மிசைதல், துய்த்தல், மாந்துதல், கொறித்தல், கறித்தல், சப்புதல், மெல்லுதல், உறிஞ்சுதல், விழுங்குதல் என்று வரிசை நீளும். மாடு மேயும், கோழி கொத்தும். தொல்காப்பியர் இதற்கொரு விதியே செய்திருக்கிறார். சோறு, கறி, பழம், பானம் எல்லாவற்றையும் சேர்த்து அடிசில் என்று பொதுப்பெயரால் சொல்லும்போது, அவற்றுள் ஒன்றுக்கு மாத்திரம் உரிய வினையைக் கொடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான வினையையே கொடுக்க வேண்டும் என்பது அந்த விதியின் கருத்து. அடிசில் தின்றார் என்னாமல் அடிசில் அயின்றார் என்க என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இன்ன பொருளுக்கு இன்ன வினை என்ற கணக்கிலே அவ்வளவு கண்டிப்பு. இந்தக் கண்டிப்பைப் பழைய பண்டிதர்களின் பிடிவாதம் என்று நானும் மாணவனாக இருந்த காலத்தில் நினைத்திருக்கிறேன். வளவாளரிடம் அடிபட்ட பிறகு அப்படி நினைப்பதில்லை.

டிவவர் என்பதற்கு ஒரே தமிழ்ச் சொல் கிடையாது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். வாரி விழுங்கினான் என்பது ஓரிடத்தில் பொருந்தும். இன்னோரிடத்தில் வேறொன்று பொருந்தும். “நீங்கள் முதலில் எழுதுங்கோ, பிறகு பார்ப்போம்” என்றேன்.

கொப்பிகள் வந்தன. பசித்த பையன் பத்து இடியப்பத்தை ஒரு நொடியில் டிவவர் செய்தான் என்று ஒருவன் எழுதியிருந்தான். மிகச் சரி. நாய் இறைச்சித் துண்டை டிவவர் செய்தது என்பதும் சரி. இவையே அந்தச் சொல்லின் சொந்த இடங்கள்.

“நான் காலையில் ஒரு கோப்பை தேநீரை டிவவர் செய்தேன்” என்று ஒருவன் எழுதியிருந்தான். இது பொருந்தாது. அவதிப்பட்டுக் குடிப்பதற்கு ஆங்கிலத்தில் கல்ப் என்று வேறு வினை இருக்கிறது. நாங்களும் தேநீரைத் தின்பதில்லை. உடனே பின் வாங்கிலிலிருந்து ஒரு குரல்: “சேர், அப்ப கூழ்?” வகுப்பு மீண்டும் சிரித்தது. ஆனால் அது நல்ல கேள்வி. ஒடியற்கூழைக் குடிக்கிறோம் என்றுதான் சொல்கிறோம். பிலாவிலையைக் கோலி அள்ளி அள்ளிக் குடிக்கிறோம். ஆயினும் அதற்குள்ளே மரவள்ளித் துண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, மீன், நண்டு எல்லாம் கிடக்கும் என்று சொல்கிறார்கள். நான் சைவ உணவுக்காரன் ஆதலால் மீனும் நண்டும் எனக்குக் கேள்வி ஞானமே. கூழுக்கு எந்த ஆங்கில வினை என்பதை, கூழ் குடிக்கிற ஆங்கிலேயர் ஒருவரைக் கண்டால் கேட்டுச் சொல்கிறேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

“என் தாத்தா மெதுவாக டிவவர் செய்வார்” என்பது இன்னொரு வாக்கியம். இதில் இரண்டு பிழைகள். பல்லில்லாத தாத்தா பொறுமையாகச் சாப்பிடுவதை இந்தச் சொல் தாங்காது. விரைவு இதன் இரத்தத்திலே ஊறியது. இரண்டாவது, இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம் வேண்டும். ஏழு மணிக்குச் சாப்பிட்டோம் என்று ஈட் என்ற வினையை வைத்து வாக்கியத்தை நிறுத்திவிடலாம். ஏழு மணிக்கு டிவவர் செய்தோம் என்று நிறுத்தினால் ஆங்கிலக் காது “எதை?” என்று கேட்கும். செயப்படுபொருள் குன்றா வினை என்று நாங்கள் இலக்கண வகுப்பிலே சொல்வதற்கு இதைவிடப் பசியுள்ள உதாரணம் கிடைக்காது.

அடுத்தது, “தயவுசெய்து எங்கள் வீட்டுக்கு வந்து மதிய உணவை டிவவர் செய்யுங்கள்” என்ற அழைப்பு. அதை எழுதிய பிள்ளைக்கு என் கதையைச் சொன்னேன். தன்னைப் பற்றியும் நெருங்கிய நண்பனைப் பற்றியும் விளையாட்டாகச் சொல்லலாம். கதையிலே வரும் பாத்திரத்துக்குச் சொல்லலாம். பெரியவர்களை நோக்கிச் சொல்லலாகாது. திண்டான் என்பதற்கும் சாப்பிட்டார் என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை. அதை ஆங்கிலத்துக்குள்ளும் தேட வேண்டும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உணவை விட்டு இந்தச் சொல் வெளியே நடக்கத் தொடங்கும்போதுதான் அதன் அழகு தெரிகிறது. ஒரு பிள்ளை ஒரு நாவலை ஒரே இரவில் வாசித்து முடித்தால், அவள் அந்த நாவலை டிவவர் செய்தாள் என்று ஆங்கிலத்தில் மிக இயல்பாகச் சொல்வார்கள். இங்கே அந்தச் சொல்லிலே இழிவு இல்லை, பாராட்டே உண்டு. தமிழில் என்ன சொல்வோம்? கரைத்துக் குடித்தான் என்று சொல்லலாமே என்றான் ஒருவன். நான் அதை ஏற்கவில்லை. கரைத்துக் குடித்தவன் அந்த நூலை முற்றாக அறிந்தவன். பல ஆண்டுகள் அதனோடு கிடந்தவனாகவும் இருக்கலாம். கந்தபுராணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் எங்கள் கோயில்களில் புராணபடனம் செய்தார்கள். அவர்கள் அதை ஓரிரவில் வாசித்தவர்களல்லர். டிவவர் என்பதில் அறிவு இல்லை, ஆசைதான் உண்டு. ஒரே இருப்பில் வாசித்து முடித்தாள் என்பதே நெருங்கி வருகிறது. பசியோடு வாசித்தாள் என்று யாரேனும் எழுதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கண்ணால் விழுங்குவது இரண்டு மொழிக்கும் பொது. பொறாமையும் குற்றவுணர்ச்சியும் மனிதனை டிவவர் செய்வதுண்டு. அங்கே பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகவே வரும். நாங்கள் கவலை அரிக்கிறது, கவலை தின்கிறது என்போம். அரித்தல் கறையானின் வேலை, மெல்ல நடப்பது. ஆங்கிலப் பொறாமை ஒரேயடியாக விழுங்க, தமிழ்க் கவலை இருந்து அரிக்கிறது. இதிலே எந்த மொழிக்காரனுக்கு வேதனை அதிகம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

இந்த இடத்திலேதான் கடைசி வாங்கில் மூலையில் இருந்த ஒரு மாணவன் தன் கொப்பியைக் கொண்டுவந்தான். அதிகம் கதைக்காத பிள்ளை. ஐந்து வாக்கியங்கள் கேட்டிருக்க, அவன் மூன்றுதான் எழுதியிருந்தான். மூன்றாவதை அப்படியே சொல்கிறேன்: “இன் நைன்டீன் எய்ட்டி வன், த ஃபயர் டிவவர்ட் த ஜஃப்னா லைப்ரரி.”

1981 இல் தீ யாழ்ப்பாண நூலகத்தை விழுங்கியது.

இலக்கணப்படி இந்த வாக்கியத்தில் ஒரு குற்றமும் காண முடியாது. எழுவாய் உண்டு, செயப்படுபொருள் உண்டு, காலம் சரி. தீயை எழுவாயாக வைப்பது இந்த வினையின் மிகப் பழகிய வழக்கு. காடு எரிந்தால், கடைத்தெரு எரிந்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் இப்படித்தான் எழுதும். நான் சிவப்புப் பேனையைக் கையில் எடுத்தேன்; சரி போட மனம் வரவில்லை, பிழை போடவும் காரணம் கிடைக்கவில்லை. “இதை வைச்சிரும் தம்பி, கடைசியாய்ப் பார்ப்பம்” என்று மற்றக் கொப்பிகளை எடுத்தேன். உண்மையில் யோசிப்பதற்கு எனக்கு நேரம் தேவைப்பட்டது.

1981 இல் எனக்கு ஒரு வயது. அந்தத் தீயை நான் கண்டவனல்லன். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் பெற்றோரிற் பலர் அப்போது பிறந்தேயிருக்கவில்லை. கே. எம். செல்லப்பா என்பவர் 1933 இல் தம் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்தது அந்த நூலகம். ஊர்ப் பணத்திலும் ஊர் உழைப்பிலும் எழுந்த அதன் கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. 1981 இல், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், மே 31 இரவு தொடங்கிய வன்செயல்களிடையே அது எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. எரித்தவர்கள் பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த காடையரும் என்பது நேரிற் கண்டவர்கள் சொல்லி நூல்களிலும் பதியப்பட்ட செய்தி. ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் அந்த நாட்களிலேயே எரிக்கப்பட்டது. சொற்பிறப்பு ஆராய்ச்சியிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள், நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார். ஒரு சொல்லின் வேரைத் தேடி எத்தனையோ நூல்களைப் புரட்டியவர் அவர்.

இத்தனையும் தெரிந்த ஒருவன், தீ நூலகத்தை விழுங்கியது என்ற வாக்கியத்துக்கு எப்படிச் சரி போடுவது?

நன்னூலார் ஒரு வினை நிகழ்வதற்கு வேண்டியவற்றை ஆறாக எண்ணுவார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். தொல்காப்பியர் இன்னும் இரண்டு கூட்டி எட்டு என்பார். எவருக்காக, என்ன பயனுக்காக என்பவை அந்த இரண்டு. மாணவனின் வாக்கியத்தை இந்தக் கணக்கிலே வைத்துப் பார்த்தேன். காலம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, செய்பொருள் இருக்கிறது, செயல் இருக்கிறது. கருவியாகிய தீயும் இருக்கிறது. ஆனால் கருவி எழுந்து வந்து செய்பவனின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது. செய்பவனைக் காணவில்லை. கத்தி வெட்டியது, வாள் எறிந்தது என்று கருவியைக் கருத்தாவாகச் சொல்வதைத் தமிழும் அனுமதிக்கும், அது குற்றமன்று. டிவவர் என்ற சொல்லோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது தீக்கு ஒரு வாயையும் வயிற்றையும் பசியையும் கொடுத்துவிடுகிறது. பசியுள்ள விலங்கு தின்றது என்றால், ஏன் தின்றது என்று யாரும் கேட்பதில்லை. பசி வந்தால் விலங்கு தின்னும். அவ்வளவோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

இதிலே ஆங்கிலத்தை மாத்திரம் குறை சொல்ல நான் தயாரில்லை. எங்கள் பத்திரிகைத் தமிழிலே தினமும் காண்கிறோமே, தீக்கிரையானது என்ற தொடர், அதுவும் இதேதான். இரை என்றால் விலங்கின் உணவு. தீ என்ற விலங்குக்கு இரையானது. டிவவர் என்பதற்குத் தமிழ் என்ன என்று அந்தப் பிள்ளை கேட்டபோது எனக்குத் தோன்றாத பதில், நெருப்பைப் பொறுத்தவரையில், எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் தமிழிலே ஒரு வசதி உண்டு. தீக்கிரையானது என்பதை, தீக்கிரையாக்கப்பட்டது என்று மாற்றலாம். ஆனது என்பது ஆக்கப்பட்டது என்றாகும்போது, பெயர் சொல்லாவிட்டாலும், ஆக்கியவன் ஒருவன் கதவுக்கு வெளியே நிற்பது தெரிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் வயதானவர்கள் கதைக்கும்போது கவனித்துப் பாருங்கள். நூலகம் எரிஞ்ச காலம் என்று சொல்பவர் குறைவு. “லைப்ரரியை எரிச்ச காலம்” என்பார்கள். இலக்கணம் படித்துச் சொல்வதல்ல அது.

கருத்தாவிலும் இரண்டு உண்டென்று நாங்கள் பத்தாம் வகுப்பிலேயே படிப்பிக்கிறோம். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. சிற்பியால் கட்டப்பட்ட கோயில் என்றால் சிற்பி இயற்றுதற் கருத்தா. கோயில்களைக் கட்டிய கதைக்கே இந்த உதாரணத்தை இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். எரித்த கதைக்கும் இது பொருந்தும் என்பது அன்று அந்தக் கொப்பியைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. தீ வைத்த கை ஒன்று. வை என்ற வாய் ஒன்று.

மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்: “தம்பி, இந்த வாக்கியத்திலை ஆர் செய்தது எண்டு இருக்கோ?”

அவன் கொப்பியைப் பார்த்துவிட்டு, “ஃபயர், சேர்” என்றான்.

“ஃபயர் தானாய் வந்ததோ?”

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். “இல்லை சேர். ஆனா டிவவர் எண்ட சொல்லை வைச்சு எழுதச் சொல்லியிருக்கு. ஆக்களைப் போட்டா அந்தச் சொல் வராது. ஆக்கள் புத்தகத்தை டிவவர் பண்ணினவை எண்டு எழுதினா, வாசிச்சவை எண்டெல்லோ வரும்?”

நேயர்களே, இருபது ஆண்டுகளில் என் மாணவன் ஒருவன் எனக்கு இலக்கணம் சொல்லித் தந்த வேளை அது. அவன் சொன்னது முழுவதும் உண்மை. தீயை எழுவாயாக்கினால் புத்தகம் சாம்பலாகிறது. மனிதரை எழுவாயாக்கினால் அதே வினை, அதே செயப்படுபொருள், ஆனால் புத்தகம் வாசிக்கப்பட்டதாகிறது. மனிதர் புத்தகத்தை அழித்ததைச் சொல்ல அந்த வினைக்கு வழியே இல்லை. நான் அரைமணி நேரம் யோசித்துக் கண்டதை, வாக்கியம் எழுதும்போதே அவன் கண்டிருக்கிறான். கண்டு, கட்டளைக்குக் கட்டுப்பட்டு, தீயை எழுதியிருக்கிறான்.

“ஒரு வாக்கியத்திலை முடியாட்டி இரண்டாய் எழுதும்” என்றேன்.

அப்போது இன்னொரு மாணவன் எழும்பி, தானும் அப்படித்தான் எழுதியிருப்பதாகவும் தன்னுடையதும் பிழையா என்றும் கேட்டான். அவனுடைய வாக்கியம், 2004 இல் கடல் பல கிராமங்களை டிவவர் செய்தது என்பது. அவனுடைய தாய் வழியினர் வடமராட்சி கிழக்கைச் சேர்ந்தவர்கள். அதைப் பிழையென்று சொல்ல முடியுமா? 2004 டிசம்பர் 26 காலை கடல்தான் வந்தது. ஏவியவரும் இல்லை, இயற்றியவரும் இல்லை. கடலே எழுவாய். கடல்கோள் என்று எங்கள் முன்னோர் வைத்த பெயரிலும் கடலே கொள்கிறது. இரண்டு வாக்கியமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றிலே சொல்ல வேண்டியது முழுவதும் சொல்லப்பட்டுவிட்டது, மற்றதிலே பாதிதான். “உம்முடையது சரி” என்று சொல்லி அவனுடைய வாக்கியத்துக்குச் சரி போட்டேன். ஏன் ஒன்று சரி, மற்றது குறை என்று வகுப்பு கேட்கவில்லை. விளங்கிக்கொண்டுதான் கேட்காமல் விட்டார்களா, மணி அடித்ததால் விட்டார்களா என்பது தெரியாது.

அடுத்த வாரம் அந்த மாணவன் தன் ஆங்கிலக் கொப்பியை எனக்குக் காட்டுவதற்காக ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பழைய வாக்கியத்தை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தான்: “தே செட் ஃபயர் டு த லைப்ரரி, அண்ட் த ஃபயர் டிவவர்ட் த புக்ஸ்.” அவர்கள் நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், தீ நூல்களை விழுங்கியது.

ஆங்கில ஆசிரியை வினைச்சொல்லுக்குச் சரி போட்டிருந்தார். ‘தே’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, சுட்டுப்பெயருக்கு முன்னே அது சுட்டுகின்ற பெயர் வரவேண்டும் என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

“என்ன சேர் செய்யிறது?” என்று கேட்டான்.

“ரீச்சர் கேட்டது சரிதானே தம்பி” என்றேன். அவன் கொப்பியை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனான்.